வெள்ளைக் கோடு, நீலத் தாள்: பெரிய பிளானுக்கு எந்தப் பிரிண்டர்?

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவனுக்குப் பிரிண்டரும் தெரிந்திருக்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. வீட்டில் ஒரு அறையை ஆபீஸாக்கி பிளான் போட்டுக்கொடுக்கும் சத்தியமங்கலத்து நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "பெரிய டிராயிங், கலர் எதுவும் வேண்டாம், கறுப்பு வெள்ளை போதும். எந்த மெஷின் வாங்கறதுங்க?"

மாடல் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மாடல் வருஷத்துக்கு ஒன்று மாறும். பெரிய வரைபடத்தை நகல் எடுப்பது எப்படி வளர்ந்தது என்று தேடிப் படித்தபோதுதான், இந்தக் கேள்விக்கு உள்ளே நான்கு கேள்விகள் இருப்பது தெரிந்தது. தாள் எவ்வளவு பெரிசு? தாளில் வரும் அளவு சரியாக இருக்குமா? ஒரு நகலுக்கு என்ன செலவு? எத்தனை வருஷம் அழியாமல் நிற்கும்? இந்த நான்கையும் ஒருசேரக் கொடுத்த மெஷின் இதுவரை வரவில்லை. ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றை எடுத்துக்கொள்ளும். எதை விட்டுக்கொடுக்கலாம் என்று முடிவு செய்துவிட்டால் மெஷின் தானாக முடிவாகிவிடும்.

வெயிலில் அச்சடித்த காலம்

வீடு கட்டும் யாரும் இன்றைக்கும் "புளூ பிரிண்ட் ரெடியா?" என்றுதான் கேட்கிறார்கள். கையில் இருப்பது வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு. நீலம் போய் ரொம்ப காலமாச்சு, பெயர் மட்டும் போகவில்லை.

அந்த நீலம் 1842-ல் பிறந்தது. இங்கிலாந்து வானியலாளர் ஜான் ஹெர்ஷல் இரண்டு இரும்பு உப்புகளைக் கலந்து தாளில் பூசினார். ஒன்று பெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், இன்னொன்று பொட்டாசியம் பெர்ரிசயனைடு. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் மாற்றம் நடந்து பிரஷ்யன் நீலம் உருவாகிறது. நிழல் விழுந்த இடத்தில் எதுவும் நடக்காது, தண்ணீரில் கழுவினால் பூச்சு போய் வெள்ளைத் தாள் தெரியும். மறு வருஷமே அன்னா அட்கின்ஸ் இதை வைத்துக் கடல்பாசிகளைப் பதிவு செய்து புத்தகமாக்கத் தொடங்கினார். இன்ஜினியர்களின் மேசைக்கு வர இன்னும் முப்பது வருஷம் ஆனது. 1870-களில்தான் இந்தத் தாள் வணிகமாக விற்பனைக்கு வந்தது.

வேலை எப்படி நடக்கும்? டிராஃப்ட்ஸ்மேன் முதலில் ட்ரேஸிங் துணியில் இந்தியன் இங்க்கால் மூலப் படத்தை வரைவார். மெல்லிய லினன் துணியில் கஞ்சி ஏற்றி வழவழப்பாக்கியது அது, வெளிச்சம் ஊடுருவும். அதற்கு அடியில் பூசிய தாளை வைத்து, கண்ணாடிச் சட்டத்தில் இறுக்கி, வெயிலில் காட்டுவார்கள். பிறகு தொட்டியில் கழுவி, துணி காயப்போடுவது போலக் காயவைப்பார்கள். கோடு வெள்ளை, தாள் நீலம்.

நம்ம ஊர் அரசு அலுவலகங்களில் இதற்கு ஃபெர்ரோ பிரிண்ட் என்று பெயர். ஃபெர்ரோ என்றால் இரும்பு. ரயில்வேயிலும் மத்தியப் பொதுப்பணித்துறையிலும் 'ஃபெர்ரோ பிரிண்டர்' என்பது ஒரு மெஷினின் பெயர் இல்லை, ஆளின் பணிப்பெயர். நகல் எடுப்பதே ஒரு ஆளின் முழுநேர உத்தியோகமாக இருந்திருக்கிறது.

எங்கள் ஊருக்கு மேற்கே பவானிசாகரில் கீழ்பவானி அணை 1948-ல் தொடங்கி 1955-ல் முடிந்தது. ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளம், பெரும்பகுதி மண் கரை. அதிலிருந்து கிளம்பும் பிரதான வாய்க்கால் மட்டும் 124 மைல். இந்த அளவு வேலையில் ஒவ்வொரு மதகுக்கும் பாலத்துக்கும் படம் வேண்டும். மூலப்படம் ஒன்று அலுவலகத்தில் இருக்கும். செக்‌ஷன் ஆபீஸருக்கு ஒன்று, ஒப்பந்ததாரருக்கு ஒன்று, மேஸ்திரி கையில் ஒன்று என்று நகல் போகவேண்டும். மலிவான பெரிய நகல் இல்லாமல் இத்தனை இடத்தில் ஒரே நேரத்தில் வேலை நடத்த முடியாது. அணை என்றால் நமக்குக் கல்லும் மண்ணும்தான் ஞாபகம் வரும். அதற்குப் பின்னால் கட்டுக் கட்டாகத் தாளும் இருந்தது.

ஃபெர்ரோ பிரிண்ட்டுக்கு இரண்டு குணம். ஒன்று, காரம் ஆகாது. சோடா உப்புக் கரைசல் பட்டால் நீலம் வெளுத்துவிடும். டிராஃப்ட்ஸ்மேன்கள் இதையே வசதியாக்கிக்கொண்டார்கள்: நீலத் தாளில் திருத்தம் எழுத, பேனாவைச் சோடாக் கரைசலில் தொட்டு எழுதினால் வெள்ளை எழுத்து வரும். அதே குணம் கட்டட வேலை நடக்கும் இடத்தில் வினையாகும். சுண்ணாம்பும் காரம்தானே!

இரண்டாவது குணம்தான் முக்கியம். தண்ணீரில் நனைந்து காய்ந்த தாள் பழைய அளவுக்குத் திரும்பாது. கொஞ்சம் சுருங்கும், அல்லது நீளும், அதுவும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. அதனால் நகலில் ஸ்கேல் வைத்து அளந்தால் கிடைப்பது நம்பத்தகாத அளவு. டிராயிங்கின் ஓரத்தில் "எழுதியுள்ள அளவுகளையே பின்பற்றவும், படத்தை அளக்கக் கூடாது" என்ற குறிப்பு இன்றும் இருக்கிறதே, அந்த எச்சரிக்கைக்கு ஈரத் தாள் ஒரு பெரிய காரணம்.

அம்மோனியா வாடை

1920-களில் ஜெர்மனியின் கல்லே நிறுவனம் ஓசலிட் என்ற பெயரில் வேறொரு தாளைக் கொண்டுவந்தது. டயஸோ என்ற வேதிப்பொருள் பூசிய தாள். இதில் வெளிச்சம் பட்ட இடம் அழிந்துவிடும், நிழல் விழுந்த கோட்டில் மட்டும் பொருள் மிஞ்சும். அம்மோனியா ஆவியில் காட்டினால் அந்தக் கோடு கருநீலமாகவோ கறுப்பாகவோ எழும். வெள்ளைத் தாள், கரும் கோடு. பென்சிலால் திருத்தம் எழுதலாம். எல்லாவற்றையும் விட முக்கியம், தண்ணீர்த் தொட்டி இல்லை. தாள் நனையாததால் அளவும் பெரிதாக மாறவில்லை.

தமிழ்நாட்டில் 'அம்மோனியா பிரிண்ட்' என்று சொன்னால் நடுத்தர வயதைத் தாண்டிய இன்ஜினியர் எவருக்கும் மூக்கு முதலில் ஞாபகப்படுத்தும். நான் பி.இ. படித்த காலத்திலும் அந்தக் கடைகள் இருந்தன. கடைக்குள் போனால் கண் எரியும். சூடு ஆறாத பிரிண்டைச் சுருட்டிக் கையில் கொடுத்தால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்காருவார்.

நாலு கேள்வியில் மூன்றுக்கு அம்மோனியா நல்ல பதில்: தாள் பெரிசு, அளவு சரி, செலவு குறைவு. நாலாவதில் தோற்றது. வெளிச்சத்தில் அழியும் பொருளால் செய்த தாள், அச்சான பிறகும் வெளிச்சத்துக்குப் பகைதான். சுவரில் ஒட்டினால் கோடு மங்கும், தாள் மஞ்சளடிக்கும். மூலப்படம் ட்ரேஸிங்கில் பத்திரமாக இருக்கிறது, மங்கினால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் நடந்த முறை அது.

இங்கே ஒரு கிளைக்கதை. நெதர்லாந்தின் வென்லோ ஊரில் 1877-ல் வான் டெர் கிரின்டன் என்ற மருந்துக்கடைக்காரர் வெண்ணெய்க்கு மஞ்சள் நிறமேற்றும் சாயம் தயாரித்து விற்றார். அடுத்த தலைமுறையினர் அதே வேதியியல் அறிவை வைத்து நகல் தாள் பூசத் தொடங்கினார்கள். டயஸோவில் சேரவேண்டிய ஒரு பொருளைத் தாளில் பூசாமல் கழுவும் திரவத்தில் வைத்தார்கள். "அந்தப் பொருள் இல்லாதது" என்பதற்கான ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகள்தான் ஓசே என்ற பெயராயிற்று. அந்த ஓசே பிறகு பெரிய டிராயிங் மெஷின்களில் உலகப் பெயராகி, கேனன் கைக்குப் போனது. வெண்ணெய்ச் சாயத்தில் தொடங்கி பிளாட்டரில் முடிந்த குடும்பத் தொழில்!

ஜெராக்ஸ் பெரிய தாளுக்கு வந்தது தாமதமாக

செஸ்டர் கார்ல்சன் நியூயார்க்கில் ஒரு மின்பொருள் நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்தவர். காப்புரிமை விவரங்களுக்கும் படங்களுக்கும் நகல் எடுத்து எடுத்து அலுத்துப்போய், ஈரமும் ரசாயனத் தொட்டியும் இல்லாத வழி தேடினார். 1938 அக்டோபர் 22 அன்று அஸ்டோரியாவில், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டில் நிலைமின்சாரம் ஏற்றி, பொடி தூவி, முதல் உலர் நகலை எடுத்தார். அது சந்தைக்கு முழு வடிவில் வர 1959 ஆனது. அந்த மெஷின் ஜெராக்ஸ் 914.

அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? அது எடுக்கக்கூடிய அதிகபட்சத் தாள் 9 அங்குலம், 14 அங்குலம். டிராயிங்கின் நகலில் அலுத்தவர் கண்டுபிடித்ததில் பெரிய டிராயிங்கை நகல் எடுக்க முடியாது! இன்னொரு தற்செயல் பாருங்கள்: இன்று பெரிய பிளாட்டரில் போடும் 36 அங்குல ரோல் தாளின் அகலம் 914 மில்லிமீட்டர்.

கம்ப்யூட்டர் பக்கத்தில் 1959-ல் கால்காம்ப் 565 என்ற டிரம் பிளாட்டர் வந்தது. நிஜமான பேனாவைப் பிடித்துக்கொண்டு மெஷின் வரையும். 1982-ல் ஆட்டோகேட் வந்த பிறகு பேனா பிளாட்டர் சின்ன ஆபீஸ்களுக்கும் வந்தது. கோடு அழகாக இருக்கும், ஆனால் ஒரு பெரிய படத்துக்கு ரொம்ப நேரம் பிடிக்கும், பாதியில் மை தீர்ந்தால் முதலிலிருந்து. அதனால் பிளாட்டரில் ட்ரேஸிங் தாளில் ஒரே ஒரு படம், மீதி நகலெல்லாம் அம்மோனியாவில் என்று இரண்டு காலமும் சேர்ந்து ஓடின. 1991-ல் எச்பி டிசைன்ஜெட் வந்தது. கறுப்பு மட்டும் அடிக்கும், 300 டிபிஐ. பெரிய தாள் இங்க்ஜெட் அதிலிருந்து ஆபீஸ் சாமானாயிற்று. இன்னொரு பக்கம் ஜெராக்ஸ் முறையே எல்இடி விளக்கு வரிசையோடு பெரிய தாளுக்கு வளர்ந்து, அம்மோனியா கடைகளை மூடவைத்தது.

ஸ்கேல் என்கிற சத்தியம்

பிரிண்டருக்கு வருவதற்கு முன் தாள். முன்பெல்லாம் டிராயிங் தாளுக்கு இம்பீரியல், டபுள் எலிஃபன்ட், ஆன்டிகுவேரியன் என்று பெயர்கள். ஒன்றை மடித்தால் இன்னொன்று வராது. 1922-ல் ஜெர்மனியில் வால்டர் போர்ஸ்ட்மன் வகுத்த வரிசைதான் இப்போதைய ஏ0, ஏ1, ஏ2. ஏ0 என்பது சரியாக ஒரு சதுர மீட்டர், 841க்கு 1189 மி.மீ. பக்க விகிதம் 2-இன் வர்க்கமூலம், அதனால் பாதியாக மடித்தாலும் வடிவம் மாறாது.

பலருக்குத் தெரியாத விஷயம், டிராயிங் பேனாவின் தடிமனும் இதே கணக்கில்தான் அமைந்தது. 0.13, 0.18, 0.25, 0.35, 0.5, 0.7 மி.மீ. ஒவ்வொன்றும் முந்தியதைப் போல 1.4 மடங்கு. ஏ1 படத்தை ஏ3-க்குச் சுருக்கினால் நீளம் சரிபாதி: 1:100 படம் 1:200 ஆகும், 0.5 கோடு 0.25 ஆகும். எதுவும் உடையாது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், வாங்கும்போது பணம் மிச்சமாகும்.

இந்தக் கணக்கைக் கெடுப்பது பிரிண்ட் பெட்டியில் இருக்கும் 'ஃபிட் டு பேஜ்' என்ற ஒரு டிக். இது கட்டட பிளானுக்கு மட்டுமான தொல்லை இல்லை. அரசு இணையதளத்திலிருந்து புலப்படத்தை, அதாவது எஃப்எம்பி-யை, பிடிஎஃப்பாக இறக்கி பிரிண்ட் எடுக்கிறோம். ஸ்கேல் 1:1000 என்று எழுதியிருக்கும். பிரிண்டர் ஓரம் விடுவதற்காகப் படத்தை 4 சதவீதம் சுருக்கிவிட்டால், அதில் ஸ்கேல் வைத்து அளப்பவருக்கு 40 அடி இடம் 38.4 அடியாகத் தெரியும். ஒன்றரை அடிக்கு மேல் காணோம். வரப்பை வைத்து அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நிற்பதற்கு இது தாராளமாகப் போதும். ஈரத் தாள் காலத்து விதியேதான் இங்கேயும்: எழுதியிருக்கும் அளவே அளவு. பிரிண்டை அளக்க வேண்டியே இருந்தால் 100 சதவீதத்தில் எடுங்கள். டிராயிங்கில் 100 மி.மீ. கோடு ஒன்றைப் போட்டு, வந்ததும் அதை முதலில் அளந்து பாருங்கள்.

சரி, எதை வாங்கறது?

முதல் கேள்வி, தாள் அளவு. நம்ம பக்கத்துச் சாதாரண மனை 30க்கு 40, ரெண்டே முக்கால் சென்ட். 1:100-ல் அது தாளில் 9.1க்கு 12.2 சென்டிமீட்டர்தான். 1:50-ல் 18.3க்கு 24.4. அதாவது ஒரு மாடியின் பிளான் 1:50-ல் ஏ3 தாளிலேயே உட்காரும். எல்லா மாடி, வெட்டுத்தோற்றம், முகப்பு, மனைப்படம், அட்டவணை எல்லாம் ஒரே தாளில் வேண்டும் என்றால்தான் ஏ2, ஏ1. வீடு, கடை, சின்னக் கல்யாண மண்டபம் வரை ஏ1 போதும். ஏ1-இன் அகலம் 594 மி.மீ., 24 அங்குல ரோல் 610 மி.மீ. ஆகவே 24 அங்குல மெஷின். ஏ0 அடிக்க 36 அங்குலம் வேண்டும். மெஷின் விலையும் ஏறும், இடத்தையும் அடைக்கும். வருஷத்தில் நாலு ஏ0-வுக்காக அதை வாங்க வேண்டாம், கடையில் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, எண்ணிக்கை. மாதத்தில் எத்தனை முழு அளவுத் தாள் உண்மையில் வெளியே போகிறது என்று போன மூன்று மாதக் கணக்கைப் பாருங்கள். பெரும்பாலும் நாம் எடுப்பது சரிபார்க்கும் பிரிண்ட். அதற்கு ஏ3 கறுப்பு வெள்ளை லேசர் போதும், மேலே சொன்ன பாதிக் கணக்கு இருக்கிறதே. 600 டிபிஐ லேசரில் ஒரு புள்ளி 0.042 மி.மீ., மிக மெல்லிய 0.13 கோட்டுக்கு மூன்று புள்ளி கிடைக்கும், கோடு தெளிவாக வரும். 300 டிபிஐ காலத்தில் அதே கோட்டுக்கு ஒன்றரைப் புள்ளிதான். டோனர் தாளில் உருகி ஒட்டுவதால் தண்ணீர் பட்டாலும் கலையாது. மாதக்கணக்கில் சும்மா இருந்தாலும் காய்ந்துபோக அதில் மை இல்லை.

மூன்றாவது, மை. 24 அங்குல இங்க்ஜெட் வாங்குவதாக முடிவானால் கேட்கவேண்டிய ஒரே கேள்வி: கறுப்பு மை பிக்மென்டா, டையா? டை என்பது தாளில் ஊறும் சாயம், ஈரக் கை பட்டால் கரையும். பிக்மென்ட் என்பது துகள், தாளின் மேலே ஒட்டி நிற்கும். எச்பி-யின் சின்ன டிசைன்ஜெட்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், மற்ற நிறங்கள் டை. எப்சன் ஷ்யூர்கலர் டி வரிசையிலும் கேனன் டிஎம் வரிசையிலும் எல்லாமே பிக்மென்ட். கறுப்புக் கோடு மட்டும் போதும் என்பவருக்கு மூன்றும் சரிதான். ஆனால் ஆட்டோகேடில் மோனோக்ரோம் பிளாட் ஸ்டைலைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் மஞ்சள் லேயரை மஞ்சளாகவே அடித்துக் கண்ணுக்குத் தெரியாமல் விட்டுவிடும். இங்க்ஜெட்டின் நிரந்தரக் குறை, சும்மா கிடந்தால் தலை அடைக்கும், அதைச் சுத்தம் செய்யவே மை செலவாகும். வாரத்துக்கு ஒரு தாளாவது ஓட்டுங்கள்.

நான்காவது, பெரிய எல்இடி டோனர் மெஷின். கறுப்புக் கோட்டுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை, வேகமும் அதிகம், ஒரு நகலுக்கான செலவும் குறைவு. ஆனால் அது வீட்டு அறைக்கு வரும் ஜீவன் இல்லை. பழையது மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால் எடை, மின்சாரம், சர்வீஸ் ஆள் கோயம்புத்தூரிலிருந்து வரும் செலவு மூன்றையும் விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

ஆக என் பரிந்துரை: முதலில் ஏ3 கறுப்பு வெள்ளை லேசர். முழு அளவு பிரிண்டைக் கொஞ்ச நாள் கடையில் எடுங்கள். அந்தப் பில்களைக் கூட்டிப் பார்த்து, ஒரு வருஷப் பில் ஒரு 24 அங்குல மெஷின் விலையில் பாதியைத் தொட்டால் அப்போது வாங்குங்கள்.

பீரோவில் இருக்கும் பழைய பிளான்

நாலாவது கேள்வியை, எத்தனை வருஷம் நிற்கும் என்பதை, புது மெஷின் வாங்குபவர்கள் கேட்பதே இல்லை. ஃபைல் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்ற தைரியம். அம்மோனியா காலத்தில் ட்ரேஸிங் இருக்கிறது என்ற தைரியம் இருந்ததல்லவா, அதே மாதிரி. வரைந்தவர் காலமாகி, அவர் ஆபீஸ் காலியாகி, ட்ரேஸிங் எடைக்குப் போன வீடுகளில் இப்போது அந்த மங்கிய அம்மோனியா நகல்தான் ஒரே சாட்சி. சுவர் எங்கே, கழிவுநீர்த் தொட்டி எங்கே, அனுமதி வாங்கியது எவ்வளவு என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் எழுபதுகள் முதல் தொண்ணூறுகள் வரை வாங்கிய பிளான் ஏதாவது இருக்கும். நீலத் தாளோ, மஞ்சளடித்த அம்மோனியாவோ, எதுவானாலும் இந்த வாரம் வெளியே எடுங்கள். வெயிலில் விரிக்காதீர்கள். நிழலில் சமமாக விரித்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, பெரிய ஸ்கேனர் உள்ள கடையில் ஸ்கேன் செய்யுங்கள், முடியாவிட்டால் நேர் மேலிருந்து போட்டோ எடுங்கள். படத்தில் எழுதியிருக்கும் அளவுகள் மங்கலாக இருந்தால் இப்போதே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அவற்றில் எந்த எண் எந்தச் சுவருக்கு என்று சொல்லத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள்.